பச்சையும் சிவப்புமாய் ஓடும் எண்கள்: பங்குச் சந்தைத் தொலைக்காட்சி நமக்குச் சொல்வது என்ன?

வணிகச் செய்திச் சானல் ஒன்றை எப்போதாவது அரைமணி நேரம் தொடர்ந்து பார்த்திருக்கிறீர்களா? திரையின் அடியில் கம்பெனிகளின் பெயர்களும் விலைகளும் பச்சையிலும் சிவப்பிலுமாக ஓடிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் சென்செக்ஸும் நிஃப்டியும் நொடிக்கு நொடி மாறும். நடுவில் நால்வர் ஆளுக்கொரு கட்டத்தில் அமர்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, வாங்கலாம் என்றும் விற்கலாம் என்றும் விரைந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பின்னணியில் போர்முரசு போன்ற இசை. பார்ப்பவருக்கு ஓர் எண்ணம் மட்டும் அழுத்தமாகப் பதியும்: ஏதோ பெரிதாக நடக்கிறது, நாம் மட்டும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறோம்!

இந்த எண்ணம் சரியானதுதானா? அதை நம் உள்ளத்தில் விதைப்பவர்கள் யார்? அதனால் பயன் பெறுபவர்கள் யார்? இவற்றைச் சிறிது நிதானமாக ஆராய்வோம்.

ஒரு காலத்தில் பங்குச் சந்தை என்பது பம்பாய்த் தரகர்களின் விவகாரமாக இருந்தது. இன்று அப்படியன்று. பங்குகளைச் சேமித்து வைக்கும் டீமேட் கணக்குகள் 2020 மார்ச்சில் நம் நாட்டில் சுமார் 4 கோடியாக இருந்தன. 2024 மார்ச்சில் அவை 15 கோடியைத் தாண்டின. வளைகுடாவில் வெயிலில் உழைத்துச் சேர்த்த பணம், ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த தொகை, மகளின் திருமணத்திற்கென ஒதுக்கிய சேமிப்பு யாவும் இப்போது அந்தத் திரையை நோக்கித் திரும்பியிருக்கின்றன. ஆகவே அத்திரையில் வரும் செய்தியின் தரம், இல்லத்தரசிகள் உட்பட நம் குடும்பத்தார் அனைவருக்கும் உரிய கவலையாகிவிட்டது.

அமெரிக்காவில் சி.என்.பி.சி. என்ற வணிகச் சானல் 1989 ஏப்ரலில் தொடங்கியது. அதன் இந்தியப் பதிப்பு 1999 இறுதியில் வந்தது. 2005-இல் மேலும் சில சானல்கள் சேர்ந்தன. நாள் முழுவதும் பேசியாக வேண்டும் என்பது இச்சானல்களின் பிறவிக் கட்டாயம். சந்தையோ காலை 9.15 முதல் மாலை 3.30 வரை நடந்தாலும், அதில் உண்மையாகவே சொல்லத்தக்க செய்தி சில நிமிடங்களுக்கே இருக்கும். எஞ்சிய நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது? இந்த இடத்தில்தான் செய்தி முடிந்து, கூச்சல் தொடங்குகிறது.

புள்ளிகளா, சதவிகிதமா?

முதலில் எண்களைப் பார்ப்போம். 1992 ஏப்ரல் 28 அன்று, ஹர்ஷத் மேத்தா ஊழல் வெளிவந்த வேளையில், சென்செக்ஸ் 570 புள்ளிகள் சரிந்தது. கொரோனா அச்சம் நாட்டைச் சூழ்ந்த 2020 மார்ச் 23 அன்று 3,935 புள்ளிகள் சரிந்தது. நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளியான 2024 ஜூன் 4 அன்று 4,390 புள்ளிகள் சரிந்தது.

இம்மூன்றில் மிகப் பெரிய வீழ்ச்சி எது? புள்ளிகளை மட்டும் உரக்கக் கூறினால், மூன்றாவது என்றே நீங்கள் பதிலளிப்பீர்கள். ஆனால் சதவிகிதத்தில் கணக்கிட்டால் முதலாவது கிட்டத்தட்ட 13 சதவிகிதம். இரண்டாவது 13 சதவிகிதத்திற்குச் சற்று அதிகம். மூன்றாவது 6 சதவிகிதத்திற்கும் குறைவு. அதாவது, 100 ரூபாய் வைத்திருந்தவருக்கு முதல் இரண்டு நாள்களிலும் சுமார் 13 ரூபாய் குறைந்தது. மூன்றாவது நாளில் 6 ரூபாய்கூடக் குறையவில்லை. குறியீட்டெண் உயர உயர, ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் சிறுத்துக்கொண்டே போகிறது. இது பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும் கணக்கு. இருந்தும் திரையில் பெரிய எழுத்தில் வருவது புள்ளிகளே. காரணம் எளிது: 4,390 என்ற எண் அச்சமூட்டும்; 5.7 என்ற எண் அச்சமூட்டாது. அச்சமுற்றவர் சானலை மாற்றமாட்டார்.

காரணம் கற்பிக்கும் கலை

சந்தை கால் சதவிகிதம் ஏறினாலும் அதற்கொரு காரணம் சொல்லப்படும். கால் சதவிகிதம் இறங்கினாலும் சொல்லப்படும். உலகச் சந்தைகள் சாதகமாக இருந்ததால் ஏறியது என்பார்கள். பிற்பகலில் இறங்கிவிட்டால், லாபத்தை எடுத்துக்கொள்ள விற்றார்கள் என்பார்கள். காலையில் ஏற்றத்திற்குக் காரணமாகக் காட்டப்பட்ட அதே உலகச் சந்தை, மாலையில் எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. ஒரு நாளில் கோடிக்கணக்கான கொடுக்கல் வாங்கல்கள் நடக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருவருடைய தேவையோ, ஆசையோ, அச்சமோ இருக்கிறது. அவை அனைத்தையும் ஒரே வரியில் அடக்கிவிட முடியுமா?

முதலீட்டாளர்கள் பங்குகளை விற்றுத் தள்ளினர் என்ற வாசகத்தையும் அடிக்கடி கேட்கிறோம். சற்றே எண்ணிப் பாருங்கள். ஒருவர் விற்க வேண்டுமானால் மற்றொருவர் வாங்கியாக வேண்டும். விற்கப்பட்ட ஒவ்வொரு பங்கையும் அதே நாளில் எவரோ வாங்கியிருக்கிறார். அவர் எதற்காக வாங்கினார் என்பதும் செய்திதானே? அந்தப் பாதிச் செய்தி திரைக்கு வருவதே இல்லை.

2024 ஜூன் மாத நிகழ்ச்சிகள் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஜூன் 1 சனிக்கிழமை மாலை, வாக்குக் கணிப்பு முடிவுகளை எல்லாச் சானல்களும் விழாபோல் ஒளிபரப்பின. ஆளும் கூட்டணிக்கு 350-க்கும் மேல் என்று பல கணிப்புகள் கூறின. திங்கட்கிழமை சென்செக்ஸ் 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறி, 76,469-இல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் அக்கூட்டணிக்குக் கிடைத்தவை 293 இடங்களே. அன்று சென்செக்ஸ் 72,079-க்கு இறங்கியது. முதலீட்டாளர்களுக்குச் சுமார் 31 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று சானல்கள் அலறின.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை, ஜூன் 7 அன்று, சென்செக்ஸ் 76,693-இல் முடிந்தது. அதாவது மூன்றே வேலைநாள்களில் விட்ட இடத்தையும் தாண்டிவிட்டது! திங்கட்கிழமை ஆரவாரத்தைக் கண்டு வாங்கி, செவ்வாய்க்கிழமை அலறலைக் கேட்டு விற்றவருக்கு இழப்பு உண்மையானது. அது திரும்பி வராது. அந்த வாரம் முழுவதும் தொலைக்காட்சியைத் திறக்காமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கோ எதுவும் நடக்கவில்லை. ஒரே சந்தை, ஒரே வாரம். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாட்டில் பெரும்பங்கு அந்தத் திரைதான்.

வல்லுநர் சொன்னால் என்ன ஆகும்?

இன்ன பங்கை வாங்குங்கள், இன்ன விலைக்குப் போகும் என்று வல்லுநர் ஒருவர் கூறுகிறார். நாமும் வாங்கினால் லாபம் வராதா என்று நீங்கள் கேட்கலாம். இதனை அமெரிக்கப் பேராசிரியர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். சி.என்.பி.சி. சானலில் ஒரு பங்கைப் பற்றி நல்ல செய்தி கூறப்பட்டால், ஒரு நிமிடத்திற்குள் அதன் விலை ஏற்றம் முடிந்துவிடுகிறது என்றும், 15 விநாடிகளுக்குள் வாங்கியவர்களுக்கே சிறிது லாபம் கிடைத்தது என்றும் 2002-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 15 விநாடி! நாம் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அந்நேரம் கடந்துவிடும்.

அங்கே ஜிம் கிரேமர் என்பவர் நடத்திவரும் 'மேட் மணி' நிகழ்ச்சி மிகவும் புகழ்பெற்றது. அதில் அவர் பரிந்துரைத்த பங்குகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வு, அப்பங்குகள் ஒரே இரவில் சராசரியாக 2 சதவிகிதத்திற்கு மேல் ஏறியதையும், அடுத்த சில மாதங்களில் அந்த ஏற்றம் கரைந்துபோனதையும் எடுத்துக்காட்டியது. நிகழ்ச்சியைப் பார்த்து மறுநாள் காலை ஆவலோடு வாங்கியவர், உச்ச விலையைக் கொடுத்தே வாங்கினார் என்பது இதன் பொருள்.

2008 மார்ச் 11 அன்று அதே நிகழ்ச்சியில், பேர் ஸ்டெர்ன்ஸ் என்ற முதலீட்டு வங்கியைப் பற்றி நேயர் ஒருவர் கேட்டார். அந்நிறுவனம் நலமாகவே இருக்கிறது, பணத்தை எடுக்க வேண்டாம் என்று கிரேமர் அடித்துக் கூறினார். ஐந்தே நாளில், ஒரு பங்குக்கு 2 டாலர் என்ற விலைக்கு அந்நிறுவனத்தை ஜே.பி. மார்கன் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. நேயர் கேட்டது அங்கே போட்டிருந்த கணக்குப் பணத்தைப் பற்றியே, பங்கைப் பற்றியன்று என்பது கிரேமர் பிற்பாடு தந்த விளக்கம். அவ்விளக்கத்தை ஏற்றுக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் ஓய்வின்றி உரத்துப் பேசும் திரையில் இப்படிப்பட்ட நுணுக்கங்கள் நேயர் காதில் விழுமா என்பதே கேள்வி. மறு ஆண்டு மார்ச்சில் நகைச்சுவைத் தொகுப்பாளர் ஜான் ஸ்டூவர்ட் தம் நிகழ்ச்சியில் கிரேமரை எதிரே அமரவைத்து, வணிகச் சானல்கள் கம்பெனி முதலாளிகள் சொன்னதை அப்படியே ஒப்பித்தது ஏன் என்று கேட்டார். செய்தியாளர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒரு நகைச்சுவையாளர் கேட்கவேண்டி வந்ததை எண்ணிப் பாருங்கள்.

திரைக்குப் பின்னால்

இதுவரை கூறியவை அவசரத்தாலும் கவனக்குறைவாலும் நேர்பவை. இதைவிடக் கசப்பானது ஒன்றுண்டு. நம் நாட்டுப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு, 2021 ஜனவரியில் இந்தி வணிகச் சானல் ஒன்றின் தொகுப்பாளர்மீது இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அவர் காலை நிகழ்ச்சியில் பரிந்துரைக்கவிருந்த பங்குகள், முதல் நாளே அவர் குடும்பத்தினர் கணக்குகளில் வாங்கப்பட்டு, நிகழ்ச்சியைப் பார்த்து நேயர்கள் விலையை ஏற்றியதும் விற்கப்பட்டன என்பது அதன் சாரம். அவ்வழியில் ஈட்டியதாகக் கணக்கிட்ட சுமார் 2.95 கோடி ரூபாயை முடக்கவும் செபி ஆணையிட்டது.

2024 பிப்ரவரியில் மற்றோர் இடைக்கால உத்தரவு வந்தது. வேறொரு சானலில் விருந்தினராக வந்த வல்லுநர்கள், தாங்கள் பரிந்துரைக்கப்போகும் பங்குகளை முன்கூட்டியே சிலருக்குத் தெரிவித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதில் முடக்கப்பட்ட தொகை 7.41 கோடி ரூபாய். எல்லாத் தொகுப்பாளர்களும், எல்லா வல்லுநர்களும் இத்தகையோர் என்று கூறுவது அநீதி. நேர்மையாக உழைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆயினும் இம்முறையின் இயங்குவிதம் ஒன்றைத் தெளிவாக்குகிறது: திரையில் கேட்டு வாங்கும் நேயரே, முன்னரே வாங்கி வைத்தவருக்குச் சரக்கைத் தள்ளிவிடும் வாடிக்கையாளர் ஆகிறார்.

2014-ஆம் ஆண்டின் செபி விதிகளின்படி, ஊடகத்தில் பங்குகளைப் பரிந்துரைப்பவர் தம் பதிவு விவரத்தையும், அப்பங்கில் தமக்குள்ள சொந்த ஈடுபாட்டையும் வெளிப்படுத்த வேண்டும். இந்த வெளிப்படுத்தலோ, பெரும்பாலும் கண் இமைக்கும் நேரத்தில் ஓடி மறையும் பொடி எழுத்துகளாகவே வருகிறது. பரிந்துரை பெரிய எழுத்தில்; எச்சரிக்கை சிறிய எழுத்தில்! ஆறு மாதங்களுக்கு முன் இவர் சொன்ன பத்துப் பங்குகள் இன்று என்ன நிலையில் உள்ளன என்ற பட்டியலை எந்தச் சானலாவது நாள்தோறும் காட்டுகிறதா?

யாருக்கு லாபம்?

வணிகச் சானல்களில் வரும் விளம்பரங்களைக் கவனியுங்கள். தரகு நிறுவனங்கள், வர்த்தகச் செயலிகள், மியூச்சுவல் ஃபண்டுகள். தரகருக்கு நீங்கள் வாங்கினாலும் வருமானம், விற்றாலும் வருமானம். சும்மா இருந்தால் மட்டுமே வருமானம் இல்லை. ஆகவேதான் சும்மா இருங்கள் என்ற அறிவுரையை அத்திரையில் நீங்கள் அரிதாகவே கேட்பீர்கள்.

அடிக்கடி வாங்கி விற்பதால் என்ன ஆகிறது? 1991 முதல் 1996 வரை அமெரிக்காவில் 66,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் தரகுக் கணக்குகளை இரு பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவிகிதம் வளர்ந்த அக்காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்கள் ஈட்டியது 11.4 சதவிகிதமே. உழைப்பும் பரபரப்பும் அதிகம், பலன் குறைவு.

நம் நாட்டு நிலை இன்னும் வேதனையானது. எதிர்கால வணிகம், ஆப்ஷன் எனப்படும் எஃப் அண்டு ஓ பிரிவைப் பற்றி செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் அதில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவிகிதத்தினர் பணத்தை இழந்தனர். ஆளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடிக்கும் மேல். செலவுகள் போக ஒரு லட்சத்திற்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரு சதவிகிதத்தினர் மட்டுமே. இதைவிடப் பெரிய செய்தி வேறென்ன இருக்க முடியும்? ஆயினும் இவ்வெண்கள் ஒரு நாள் செய்தியாக வந்து மறைந்தன. மறுநாள் காலையே ஆப்ஷன் பரிந்துரைகள் வழக்கம்போல் தொடங்கிவிட்டன.

சொல்லாமல் விடப்படுபவை

ஒரு பங்கு என்பது ஒரு தொழிலில் நமக்குள்ள கூட்டு. அத்தொழில் என்ன செய்கிறது, கடன் எவ்வளவு, லாபம் ரொக்கமாக வருகிறதா, நடத்துவோர் நேர்மையானவரா என்பனவே கூட்டாளி கேட்கவேண்டிய கேள்விகள். சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனம் 2008-இல் சிறந்த நிர்வாகத்திற்கான விருது பெற்றது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய 5,040 கோடி ரூபாய் ரொக்கம் இல்லாத ஒன்று என்று தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் பங்கின் விலை முக்கால் பங்குக்கும் மேல் சரிந்தது. பல்லாண்டுகளாக அந்த நிறுவனத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய திரை, அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கவில்லை. ஹர்ஷத் மேத்தா விவகாரத்தை 1992-இல் வெளிக்கொணர்ந்தது, ஏடுகளைப் புரட்டி விசாரித்த சுசேதா தலால் என்ற பத்திரிகையாளரின் பொறுமையான உழைப்பு என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

நம் இல்லங்களுக்கு மற்றொரு கேள்வியும் உண்டு. அந்தக் கம்பெனியின் தொழில் ஹலாலானதா? வட்டிக் கடனும் வட்டி வருமானமும் எந்த அளவு? தேசியப் பங்குச் சந்தையில் இத்தகைய வடிகட்டலுக்கு உட்பட்ட நிஃப்டி ஷரீஆ குறியீடுகள் இருக்கின்றன. வணிகச் சானல்களில் அவற்றைப் பற்றிய பேச்சு அபூர்வம். கூட்டு வணிகத்திற்கும் சூதாட்டத்திற்கும் இடையிலுள்ள கோட்டைத் திரை வரைந்து காட்டாது. அதை நாமேதான் மார்க்க அறிஞர்களிடம் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

நன்மையும் உண்டு

தொலைக்காட்சியை அறவே ஒதுக்கிவிடுங்கள் என்பது நமது கருத்தன்று. ரிசர்வ் வங்கி ஆளுநரின் அறிவிப்பை நேரடியாகக் கேட்கலாம். மத்திய பட்ஜெட்டை எவர் துணையுமின்றிக் காணலாம். காலாண்டு முடிவுகளுக்குப் பின் கம்பெனித் தலைவர்கள் அளிக்கும் பேட்டிகளில் பயனுள்ளவை பல. முன்னர் பெருந்தரகர்களுக்கு மட்டுமே கிட்டிய செய்தி இன்று சிற்றூரில் இருப்பவருக்கும் அதே நொடியில் கிட்டுகிறது. இது சிறிய நன்மையன்று. பார்ப்பதில் தவறில்லை, பார்த்த மாத்திரத்தில் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவதே தவறு.

எனவே, அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே, இவற்றை இல்லத்தில் நடைமுறையாக்கிக் கொள்ளுங்கள்:

1. புள்ளிகளைக் கேட்டால், எத்தனை சதவிகிதம் என்று உடனே கணக்கிடுங்கள்.

2. திரையில் கேட்ட பங்கை அன்றே வாங்காதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். நல்ல தொழில் ஒரு வாரத்தில் ஓடிவிடாது; வெறும் பரபரப்புதான் ஓடிவிடும்.

3. பரிந்துரைப்பவர் செபியில் பதிவு பெற்றவரா, அப்பங்கு அவரிடம் உள்ளதா என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால் கேட்காதீர்கள்.

4. பரிந்துரைகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். அதைவிடச் சிறந்த ஆசான் இல்லை.

5. கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ, பிள்ளைகளின் கல்விப் பணத்தை எடுத்தோ சந்தையில் இறங்காதீர்கள். வாங்குமுன் குடும்பத்தாரிடம் மறைக்காமல் கலந்துபேசுங்கள். இல்லத்தரசி கேட்கும் ஒரு கேள்வி, நான்கு வல்லுநர்களின் கூச்சலைவிடப் பயனுள்ளதாக இருக்கலாம்.

செய்தி ஒன்று வந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமன்று. ஊர்ச் செய்திக்குப் பொருந்தும் அந்த ஒழுக்கம், சந்தைச் செய்திக்கும் பொருந்தும். வியர்வை சிந்திச் சேர்த்த பணம் நம்மிடம் உள்ள அமானிதம். அதன் காவலர் நாம். திரையில் பேசுபவர் அல்லர். நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், நம் முடிவுகளில் நிதானத்தையும் வல்ல இறைவன் தந்தருள்வானாக!